சோப்பு மிக்ஸர் ஏன் நின்றது?

“யாரு கை வச்சது இந்த மிக்ஸர்ல?”

மேனேஜர் கேட்டதும் ஆபரேட்டர் பெண் கையிலிருந்த போனை இடுப்பில் செருகி மறைத்தாள். வேறு யார் கை வைப்பார்கள்? அவள்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்னொரு தப்பு நடந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

நடந்தது இதுதான். சோப்புக் குழம்பு சுற்றிக்கொண்டிருந்தபோது புருஷன் போன் பண்ணினான். உப்பு டப்பாவைக் காணவில்லையாம். இரைச்சலில் காது கேட்கவில்லை என்று மிக்ஸரை நிறுத்திவிட்டு, அலமாரியில் தட்டுத் தட்டாக அவனுக்கு வழி சொன்னாள். டப்பா அவன் மூக்குக்கு நேராகவே இருந்தது. அதற்குள் இங்கே குழம்பு ஆறிக் கல்லாகிவிட்டது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் முக்கி முனகி நின்றது. அதை ஓட்டும் டிரைவ் பெட்டியில் சிவப்பு விளக்கு: ஓவர் கரண்ட்.

எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் வந்தார்கள். ஃபிட்டரின் தங்கையைத்தான் எலக்ட்ரீஷியன் கட்டியிருந்தார். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

எலக்ட்ரீஷியன் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தார். அலுங்காமல் ஓடியது. அப்படியென்றால் மோட்டாரும் சரி, டிரைவும் சரி. மிச்சம் மிக்ஸர்தான்.

ஃபிட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“உள்ள ஒண்ணுமில்ல. மிக்ஸர் தங்கமா இருக்கு. சீக்கு உங்க டிரைவுக்குத்தான் மாப்பிள்ளை.”

அவள் கண்ணைத் திறந்து ஃபிட்டரைப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தால் மனுஷனுக்கு என்ன தெரியும்?

“என் டிரைவா? உங்க பேரிங் செத்துக் கிடக்கு மச்சான். பாவம், மோட்டார் தம் கட்டி இழுக்குது.”

“நீங்க ஒயர் மாட்டின ஃபேன் தலைகீழாச் சுத்துதாமே. தங்கச்சி சொன்னா.”

“நீங்க ரிப்பேர் பண்ணின வாஷிங் மெஷின் துணியோட வாசல் வரைக்கும் நடந்து போகுது. அதையும் அவதான் சொன்னா.”

வாசலை விட்டு நகராத மேனேஜர் குறுக்கே புகுந்தார். “எலக்ட்ரிக்கலா, மெக்கானிக்கலா? அதை மட்டும் சொல்லுங்கய்யா.”

“எலக்ட்ரிக்கல்” என்றார் ஃபிட்டர்.

“மெக்கானிக்கல்” என்றார் எலக்ட்ரீஷியன், அதே மூச்சில். “சொந்தத் தங்கச்சி கல்யாணத்துல மேடைக்கு நட்டு முடுக்க மறந்த ஆளு சார் இவரு.”

“அதே கல்யாணத்துல மைக் செட்டை எரிச்ச மாப்பிள்ளை யாருன்னு கேளுங்க சார்.”

மேனேஜர் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். “எந்தக் கழுதையாவது இருந்துட்டுப் போகட்டும். ரிப்போர்ட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஓடினாப் போதும்.”

கதவை அறைந்துவிட்டுப் போனார்.

இந்த லட்சணத்தில் இவர்கள் வேலை நிரந்தரம், நம் வேலைதான் ஊசலாடுகிறது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலடிச் சத்தம் தேயும்வரை இருவரும் முறைத்துக்கொண்டே நின்றார்கள். பிறகு ஃபிட்டர் தொண்டையைத் தடவிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இன்னும் என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிற? வெந்நீரை ஊத்தி அந்தக் கல்லைக் கரை. நாங்களும் எவ்வளவு நேரந்தான் சண்டை போடுறது?”