கொக்கியின் மேல் இருந்த பச்சை

ஒரு படகின் முனையில் கயிறு கட்டுவதற்கென்று அலுமினியக் கொக்கி ஒன்று இருந்தது. வாங்கி வந்த அன்றே அதன் மேல் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். தன் பளபளப்பை ஊர் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லையே என்று கொக்கிக்கு அந்தப் பெயிண்ட் மேல் தீராத கோபம். பச்சைக்கு அடியில் தான் எப்படி இருப்போம் என்று பார்க்க ஆசை வேறு.

பெயிண்ட் பழசாகி உரியத் தொடங்கியதும், படகுக்காரர் கொக்கியைக் கழற்றி, பெயிண்டை அரித்தெடுக்கக் காஸ்டிக் சோடா கரைத்த வாளியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

"எதுவரைக்கும் அரிக்கட்டும் அண்ணே?" என்று கேட்டது சோடா.

"ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லாமப் போற வரைக்கும்!" என்றது கொக்கி.

பெயிண்ட் சுருண்டு சுருண்டு கழன்றது. "அண்ணே, சோடாவுக்கு அலுமினியமும் தீனிதான். திருகுப் பள்ளத்துல மட்டும் நான் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கேன். அதை அப்புறம் சுரண்டிக்கலாம். இப்போ போதும்னு சொல்லிடு" என்றது பெயிண்ட்.

"உயிர்ப் பயத்துல பேசுற பேச்சைப் பாரு!" என்று சிரித்தது கொக்கி. "பள்ளத்துலயும் இறங்குடா தம்பி!"

சோடா இறங்கியது. வாளி பொங்கி நுரைத்தது. கொக்கிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பச்சை சாகிற சூடு என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டது.

நுரை அடங்கியபோது கொக்கி கறுத்து, குழி குழியாகி, கயிறு தாங்காத அளவுக்கு மெலிந்து கிடந்தது.

"நான் எப்படி இருக்கேன்?" என்று ஆவலோடு கேட்டது.

சோடா கொஞ்சம் தயங்கியது. "பச்சை சுத்தமாப் போயிடுச்சு அண்ணே."

"அப்போ அழகாத்தான் இருப்பேன்" என்றது கொக்கி.