படையல்

மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரில் அமாவாசைச் சோற்றுக்குக் காக்கா வரவில்லை. மான்தான் வந்தது.

"வலது காலைச் சாய்ச்சு நடக்குது பாருங்க. அப்படியே மாமா நடை," என்றாள் எழிலரசி.

சபரிநாதன் சிரிக்கவில்லை. அவன் அப்பா இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மான் வந்த அன்றிலிருந்து தினமும் காலையில் கொல்லைப்புற வேலியோரம் சோறு வைத்தான். மான் தின்றுவிட்டு அவனையே பார்க்கும்.

"ஏங்க, அங்க நின்னா மேலேருந்து யாரோ பாக்கற மாதிரி இல்ல?"

"அப்பாதான் பாக்கறாரு."

சனிக்கிழமை வைத்த சோறு அப்படியே கிடந்தது. மதியம் பக்கத்து வீட்டு டாம் கதவைத் தட்டினார். இலைநிறச் சட்டை, முதுகில் வில்.

"தேங்க்ஸ், சபரி! மான் ரொம்பப் பெருகிடுச்சேன்னு வேட்டை சீசன் ஆரம்பிச்சதுலேருந்து என் மரத்து மேல உட்கார்ந்திருந்தேன். நீங்க வெச்ச சோறுதான் தினமும் அதை அங்க கூட்டிட்டு வந்துச்சு. இன்னைக்கு விடியக்காலைல ஒரே அம்பு. இந்தாங்க, உங்க பங்கு."

பொட்டலம் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

"யாருங்க வந்திருக்காங்க?" உள்ளேயிருந்து எழிலரசி கேட்டாள்.

சபரிநாதன் கையிலிருந்ததையே பார்த்தபடி சொன்னான்.

"அப்பா."