ரெண்டு வகை பல்பு

“இது பச்சைத் திருட்டு, தலைவரே” என்றாள் முத்துசெல்வி.

கோவில்பட்டி கல்லூரியில் புள்ளியியல் சொல்லித் தருகிறவள். ஆராய்ச்சிக்காகக் கயத்தாறு பக்கத்து கிராமம் ஒன்றின் தெருவிளக்குகளை ஒரு வருடமாகக் கவனித்துவந்தாள். எந்த பல்பு எவ்வளவு காலம் எரிகிறது என்று.

“சராசரி போட்டா எல்லாம் ஒழுங்காத்தான் தெரியும். ஆனா இதுல ரெண்டு எக்ஸ்பொனென்ஷியல், அதாவது ரெண்டு தனித்தனி ஆயுள் கணக்கு, கலந்து கிடக்கு. ஒரு வகை பல்பு மாசக்கணக்கா எரியுது. இன்னொரு வகை மாட்டின வாரமே போயிருது. சீக்கிரம் போறது பூராவும் ஓடைக்கரை பல்பு. பெரிய தெருவுக்கு நல்ல பல்பு, ஏழைபாழைக்கு டூப்ளிகேட்டா?”

பஞ்சாயத்துத் தலைவருக்குக் கணக்கு புரியவில்லை. திருட்டு என்ற சொல் நன்றாகப் புரிந்தது.

“பதில் சொல்லும்வே” என்றார், பல்பு மாட்டும் பெருமாள்சாமியைப் பார்த்து.

“எல்லாம் ஒரே பெட்டி பல்புதான் டீச்சர்.”

“அப்பறம் எப்படி அங்கன மட்டும் அணையுது?”

பெருமாள்சாமி தரையைப் பார்த்தார்.

முத்துசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு வாயில் கொழுக்கட்டை வேறா?

“நாளையிலருந்து நீரு வேலைக்கு வர வேண்டாம்வே” என்றார் தலைவர். அதற்கும் மனிதர் ஒரு கும்பிடு போட்டார்.

சாட்சிக்கென்று முத்துசெல்வியே ஓடைக்கரையிலிருந்து கூட்டிவந்திருந்த சொர்ணத்தாய்தான் முன்னால் வந்தாள்.

“அவியள வையாதீங்க டீச்சர். பல்பு பியூஸ் போகல. நாங்கதான் கழத்தச் சொன்னோம். யாராவது கேட்டா அதே பல்பத் திருப்பி மாட்டுவாரு. அவுக அந்தப் பக்கம் போனதும் கழத்திருவாரு. வீட்டுக்கு ஒண்ணும் கொண்டு போனதில்ல.”

“வெளிச்சத்த ஏன் வேண்டாங்கிய?” என்றாள் முத்துசெல்வி.

சொர்ணத்தாய் குரலைத் தாழ்த்தினாள். “ஓடைக்கரைதான எங்க பொம்பளையளுக்கு ஒதுங்குற இடம். லைட்டு எரிஞ்சா எங்கன போயி உக்கார? வெளிய சொல்லிராதீங்கன்னு அண்ணாச்சிகிட்ட நாங்கதான் கேட்டுக்கிட்டோம்.”

முத்துசெல்விக்குப் பெருமாள்சாமியின் முகத்தைப் பார்க்கவே கூசியது. வேலை போகிற நேரத்தில்கூட அந்த மனிதர் காப்பாற்றிய வார்த்தை அது.

தலைவர் எகிறினார். “இத முதல்லயே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?”

சொர்ணத்தாய் இப்போது தலை நிமிர்ந்தாள்.

“சொன்னோமே தலைவரே. நாங்க கேட்டது கக்கூசு. நீங்கதான் லைட்டு போட்டுவிட்டிய.”