காற்றில்லாத கடற்கரை

“இங்கயும் காத்து அடிக்குது தம்பி. வேற பீச் பாப்போம்” என்றாள் தேவகாந்தி, வேனை விட்டு இறங்காமலே.

வேன் ஓட்டிவந்த நஸ்மீருக்குத் தலை சுற்றியது. இது மூன்றாவது கடற்கரை. பதுளையில் ஏறியதிலிருந்து அவள் கண்ணாடியைக்கூடத் திறக்க விடவில்லை.

“மொத மொத கடல் பாக்க வந்திருக்கா. கோவிச்சுக்காதீங்க” என்றான் அவள் கணவன் தவசீலன்.

நஸ்மீருக்கும் வீம்பு வந்துவிட்டது. வழியெல்லாம் விசாரித்து, பாறைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சின்னக் குடாவைக் கண்டுபிடித்தேவிட்டான். அங்கே ஓர் ஓலைகூட அசையவில்லை.

“எறங்குங்க அக்கா! காத்தே இல்ல!”

ஓடிப்போய்க் காலை நனைத்தவள் உதட்டைப் பிதுக்கினாள். “என்னங்க, அலையே இல்ல! நம்ம தோட்டத்துக் குளம் மாதிரி இருக்கு. இதப் பாக்கவா ஆஸ்பத்திரியில அவ்வளவு ஊசியும் தாங்கிப் பொழச்சு வந்தேன்?”

சட்டென்று தன் நீண்ட கூந்தலைக் கழற்றிக் கணவன் கையில் கொடுத்தாள். மருந்தில் உதிர்ந்துபோன தலையில் புதுமுடி இப்போதுதான் பொடிப்பொடியாக முளைத்திருந்தது.

“தம்பி, மொதல்ல பாத்த பீச்சுக்கே விடுங்க. கண்ணாடியெல்லாம் தொறந்து விடுங்க!”