உருவம் மாறுற பொண்ணு

"மணி மூணாச்சு. இன்னும் அந்தக் கருமத்தைக் கீழ வைக்கலையா நீ?"

இருதயம்மாளின் குரல் தெரு வரைக்கும் கேட்டது. நடவு வயலிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டு, முருங்கைக்கீரையோடு வந்த பக்கத்து வீட்டு அம்சம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே மருமகள் ஃபிளோரா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிறு. வயிற்றின் மேலேயே செல்போனைச் சாய்த்து வைத்து, இரண்டு கட்டைவிரலையும் ஓட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சத்தத்தைக் குறைச்சு வச்சா எனக்குத் தெரியாதா? ஊதா முடி வச்ச ஒருத்தி குதிச்சுக் குதிச்சு ஓடுவா. செவுரு வந்தா குரங்கா மாறுவா. தண்ணி வந்தா மீனா மாறுவா. பள்ளம் வந்தா குருவியா மாறுவா. நீ ஒரு நாளாச்சும் இந்த வீட்டு மருமகளா மாறினியா?"

"இந்தக் கட்டம் முடிஞ்சதும் வச்சுடறேன் அத்தை."

"உன் கட்டம் என்னைக்கு முடிஞ்சிருக்கு?"

அம்சத்துக்கு அந்த விளையாட்டு தெரியும். லீவு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது இருதயம்மாளின் இளைய மகன் ரெமிஜியஸ்தான் அதைப் பெண்டாட்டி போனில் போட்டுக் கொடுத்தான். இவள் இங்கே விளையாடுவாள், அவன் அங்கே விளையாடுவான். இவளுக்கு உயிர் தீர்ந்துபோனால் அவன் அங்கிருந்து ஒரு உயிர் அனுப்புவான். சிவப்பாய் ஒரு பூ வந்து விழும். ஃபிளோரா ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டே காட்டியிருக்கிறாள்.

"பெரியம்மா, நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம்கூட ஆகல உங்களுக்கு. இப்படிக் கத்தலாமா?" என்றாள் அம்சம். "வெள்ளிக்கிழமை கும்பகோணத்துல அவளுக்கு ஆபரேஷன். புள்ளத்தாச்சிகிட்ட இப்படியா பேசுவாங்க?"

"பெரிய நாட்டாமை வந்துட்டா. கீரையைக் கொண்டாந்து அடுப்பங்கரையில வை."

அம்சம் பின்னாலேயே போனாள். விடுவதாக இல்லை.

"நீங்களும் ரெண்டு பெத்தவங்கதானே? உங்க மனசு என்ன கல்லா?"

இருதயம்மாள் காலி ஜாரை மிக்ஸியில் மாட்டி ஓடவிட்டாள். அந்த இரைச்சலில் அம்சத்தின் காதோரம் வந்து சொன்னாள்.

"ரெமி போயிட்டான் அம்சம்."

"எங்க போயிட்டான்?"

"கட்டடத்துல சாரம் சரிஞ்சுருச்சு. இன்னையோட ஒம்பது நாள்."

அம்சம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடம்பு வந்து சேர இன்னும் பத்து நாளாவுமாம். பேப்பரெல்லாம் நடக்கணும். பெரியவன் குழந்தைராஜ் அதுக்குத்தான் அலையறான். எங்க ரெண்டு பேரையும் விட்டா சாமியாருக்குத்தான் தெரியும். மாதா கோயில்ல துக்க மணிகூட அடிக்க வேணாம்னு அவர் கால்ல விழுந்து கேட்டுக்கிட்டேன்."

"ஃபிளோராவுக்கு..."

"அவளுக்குப் பிரஷர் ஏறிக் கெடக்கு. அதிர்ச்சி கிதிர்ச்சின்னா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. டவர் இல்லாத எடத்துக்கு வேலைக்கு அனுப்பிட்டாங்க, போன் வராதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அதுக்காக இப்படித் திட்டணுமா பெரியம்மா?"

"கல்யாணமாகி வந்த நாளா அவளைத் திட்டிக்கிட்டுதானே இருக்கேன். திடீர்னு 'வாம்மா, சாப்புடு கண்ணு'ன்னா என்ன நெனைப்பா? என்னமோ ஆயிப்போச்சுன்னு கண்டுபுடிச்சுட மாட்டாளா? பெத்தவளா நின்னா நான் அழுதுடுவேன். அதான் மாமியாராவே மாறி நிக்கிறேன்."

மிக்ஸியை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"தின்ன தட்டை எடுத்துப் போடக்கூட ஆள் வைக்கணுமா உனக்கு?"

அம்சம் வெளியே வந்தாள். ஃபிளோராவின் கட்டைவிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இப்போது அம்சத்துக்கு இவள்மேல்தான் ஆத்திரமாக வந்தது. அங்கே புருஷன் எந்த ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் கிடக்கிறானோ, இங்கே இவளுக்கு விளையாட்டு.

"கொஞ்ச நேரம் அதைக் கீழ வச்சாத்தான் என்னடி? உன் அத்தையும் பாவம்தானே?"

சொல்லிக்கொண்டே போனைப் பிடுங்கினாள்.

போனில் குரங்கும் இல்லை, மீனும் இல்லை. கறுப்பாக இருந்தது. அம்சத்தின் முகம்தான் அதில் தெரிந்தது.

"என்னடி இது, சார்ஜ் இல்லையா?"

ஃபிளோரா அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். குரலே வெளியே வராமல் பேசினாள்.

"எட்டு மாசமா ஒரு நாள் தவறினதில்ல அக்கா. பொழுது சாஞ்சா உயிர் வந்துடும். காய்ச்சல்ல கெடந்தப்பகூட அனுப்பினாரு. ஒம்பது நாளைக்கு முன்னாடி வரல. மனசு கேக்காம, அவரு ரூம்ல இருக்கிற இப்ராஹிம் அண்ணனுக்குப் போன் போட்டேன். 'தங்கச்சி'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாரு. அப்புறம் அழுகைதான் கேட்டுச்சு."

ஃபிளோரா போனுக்குக் கையை நீட்டினாள்.

"அன்னைக்கு ஆஃப் பண்ணேன். அப்புறம் ஆன் பண்ணவே இல்ல."

போனை வாங்கி மறுபடியும் வயிற்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடி மேல் கட்டைவிரல்கள் ஓட ஆரம்பித்தன.

"அப்புறம் எதுக்குடி இது?"

"நான் விளையாடுறதை நிறுத்தினா அத்தைக்குச் சந்தேகம் வந்துடும் அக்கா. அவங்க நெஞ்சு தாங்காது" என்றாள் ஃபிளோரா. "நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. பாவம், அவங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."