சுத்திகரித்த நீர்

டம்ளரை அவன் கழுவவில்லை. கழுவிக்கொண்டு நின்றால் தணிக்கைக்கு வந்தவள் வேறு பக்கம் நடந்துவிடுவாள்.

குழாயின் மேல் பச்சைப் பலகை. சுத்திகரித்த நீர்.

வருடம் தவறாமல் நடப்பதுதான். தணிக்கைக்கு வருகிறவரின் முன்னால் சாயப்பட்டறையின் மேலாளரான அவன் இந்தக் குழாயைத் திறக்க வேண்டும். ஒரு டம்ளர் பிடித்து ஒரே மூச்சில் குடித்துக் காட்ட வேண்டும். பழைய ஆலோசகர் கைதட்டுவார். "உங்க வயித்துக்கு முதலாளி தனியா இன்சூரன்ஸ் எடுத்திருக்காரா?" என்று அவரே கேட்டு அவரே சிரிப்பார்.

பிறகு பிரியாணி. பிறகு கையெழுத்து.

குழாய் சுவருக்குள் போய் எங்கே திரும்புகிறது என்று யாரும் கேட்டதில்லை. சுத்திகரிப்புத் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். தொழிலாளர் குடியிருப்புக்குப் போகும் அதே தண்ணீர்.

அவன் வீட்டுக்கும்.

இந்த வருடம் பழையவர் வரவில்லை. ஒரே ஆளை மறுபடி மறுபடி அமர்த்தக் கூடாது என்று துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சொல்லிவிட்டது. வெளியிலிருந்து புது ஆலோசகரைப் பிடிக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. விண்ணப்பித்தவர்களில் ரெஜினாதான் வயதில் குறைந்தவள். சின்னப் பெண், எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்று முதலாளியிடம் சொன்னவன் அவனேதான்.

சின்னப் பெண் எடுத்துச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

விளக்குகளைப் பார்த்தாள். மோட்டார்களைப் பார்த்தாள். பாய்லர் குழாயின் மேல் சுற்றியிருந்த உறையை அழுத்திப் பார்த்தாள். சாயக் கழிவைக் காய்ச்சி ஆவியாக்கும் எந்திரத்தின் முன் வந்து நின்றாள். அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

குளிர்ந்து கிடந்தது.

"மத்தியானத்துக்கு மேலதான் ஓட்டுவோமுங்க," என்றான்.

அவள் தலையாட்டினாள். கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள்.

எந்திரம் கோடையிலேயே படுத்துவிட்டது. சரிசெய்ய முதலாளிக்கு மனமில்லை. பாய்லர் அறைக்குப் பின்னால் வற்றிப்போன பழைய ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது.

"சாயத் தண்ணிய அதுக்குள்ள உட்டுரு கண்ணு. பாறைக்கு அடியில எவன் போய்ப் பாக்கப் போறான்?" என்றார்.

பட்டப்பகலில் அவனே ஓஸ் பைப்பை இறக்கினான். மேலே தகரத்தை மூடினான். தகரத்தின் மேல் கல்லைத் தூக்கி வைத்தான்.

இன்று காலையிலிருந்து அவனுக்கு ஒரே பயம். அவள் பாய்லர் அறைக்குப் பின்னால் போய்விடக் கூடாது. போனால் பட்டறைக்குப் பூட்டு. பைப்பை இறக்கியது யார் என்று கேட்டால் முதலாளியின் விரல் யாரைக் காட்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

அவள் கால்கள் அந்தப் பக்கம் திரும்பின. அப்போதுதான் அவசரமாகக் குழாயடிக்கு அழைத்து வந்தான்.

"எங்க தண்ணியக் குடிச்சே காட்டிருவேனுங்க மேடம்."

குழாயைத் திறந்தான். கண்ணாடி டம்ளர் நிறைந்தது. உதட்டுக்குக் கொண்டுபோனான்.

"ஒரு நிமிஷம் சார்."

ரெஜினா தன் கோப்பிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி டம்ளருக்குப் பின்னால் பிடித்தாள்.

ரோஸ்.

லேசாகத்தான். தாள் இல்லாவிட்டால் கண்ணில் படாது.

இந்த மாதம் முழுக்கப் பட்டறையில் ரோஸ்தான் ஓடுகிறது. எங்கோ ஒரு நாட்டில் பிறக்கப்போகும் குழந்தைகளின் சட்டைக்கு.

கொட்டினான். குழாயை முழுக்கத் திறந்துவிட்டான். கொஞ்ச நேரம் ஓடட்டும். பிளம்பர் எதையாவது மாற்றி இணைத்திருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிளம்பர் இந்தப் பக்கம் வந்தே வருடமாகிறது.

மறுபடி பிடித்தான். அவள் மறுபடி தாளை வைத்தாள்.

ரோஸ்.

பாறைக்கு அடியில் எவனும் போய்ப் பார்க்கவில்லை. அதுவாகவே வந்துவிட்டது.

காலையில் வீட்டில் மனைவி பூங்கொடி குழந்தையின் துணியை அவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். "இங்க பாருங்க. எப்படி அலசினாலும் வெள்ளை வெள்ளையா வர மாட்டீங்குது."

"உன்ற சிவப்புச் சீலையோட ஊறப் போட்டிருப்பே."

மனைவியைக் கேலி செய்த திருப்தியோடு வேலைக்குக் கிளம்பினான்.

காம்பவுண்டுச் சுவருக்கு மேல் குடியிருப்பின் மொட்டைமாடி தெரிந்தது. கொடியில் வரிசையாகக் குழந்தைத் துணிகள். அவன் வீட்டுக் கொடியில் மட்டும் அல்ல.

வெயிலில் அவையும் அந்தத் தாள் மாதிரி அதே ரோஸைக் காட்டின.

சுவர் ஓரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குடியிருப்பின் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

"குடிக்கலையா சார்?"

அவள் குரலில் கேலி இல்லை.

அலுவலக வாசலில் முதலாளி வந்து நின்றார். முகம் நிறையச் சிரிப்பு. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினார்.

அவன் மோட்டாரை நிறுத்தினான்.

சத்தம் நின்றதும் பட்டறை பெரிதாகிவிட்டது போலிருந்தது.

டம்ளரைக் கீழே வைக்கவில்லை. சிந்தாமல் பிடித்துக்கொண்டு பாய்லர் அறையின் பின்பக்கம் நடந்தான். ரெஜினா வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி கூப்பிட்டதற்கும்.