எந்தப் பல் வலிக்குது?

"எந்தப் பல் வலிக்குது சார்?"

யூனிஃபார்மோடு வந்திருந்த பஸ் கண்டக்டர் வலது பக்கம் மேலே காட்டினார்.

உதவியாளர் பெண் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, டொக்கென்று தட்டினாள். "இதுவா?"

"இல்ல, இது." இடது பக்கம் கீழே காட்டினார்.

"என்ன சார், உங்க வலி இப்படி சீட் மாறி சீட் மாறி உக்காருது! டிக்கெட் எடுக்கலையா?"

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பழக்கதோஷம். எப்போதோ டிரைவர் போட்ட ஒரு சடன் பிரேக்கில், முன்பற்கள் இரண்டும் பஸ் கம்பியோடு போய்விட்டன. யாராவது பல் கட்டிக்கொள்ளச் சொன்னால், "விசில் ஊத உதடு போதும்" என்பார்.

அந்தக் கையை அவள் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

உண்மையில் அவருக்கு எந்தப் பல்லிலும் வலி இல்லை. வலி வீட்டில் இருந்தது.

மகள் சமுதாயக் கல்லூரியில் பல் மருத்துவ உதவியாளர் பட்டயம் படிக்கவேண்டுமாம். இரண்டு வருஷம். கடன் வாங்கித்தான். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டு, இன்று சாயங்காலத்துக்குள் அது போய்ச் சேரவேண்டும்.

"அடுத்தவன் வாயைக் கழுவ நாம கடன்ல விழணுமா?" என்று அவர் கத்தியதிலிருந்து மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். மனைவி பேசுகிறாள், ஆனால் பாத்திரங்கள் வழியாக. ஒரு 'ணங்' என்றால், சாப்பிட வாங்க. 'ணங் ணங் ணங்' என்றால், உங்களுக்கெல்லாம் ஒரு பொண்ணு, ஒரு குடும்பம்!

கண்டக்டர் நியாயமான மனிதர். அதே படிப்பைப் படித்து அதே வேலை பார்க்கிற ஒருத்தியிடம் நேரிலேயே விசாரித்துவிடலாம் என்று, இல்லாத பல்வலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்க வாய் கிடைக்காது.

"ஆ காட்டுங்க."

எச்சில் உறிஞ்சும் குழாய் உள்ளே நுழைந்து 'சர்ர்ர்' என்றது. இனி பொறுக்க முடியாது.

"ஹம்ஹஹம் எஹ்ஹஹவு?"

"சம்பளமா சார்? ஆரம்பத்துல கம்மிதான்."

கண்டக்டரின் கண்கள் வெளியே வந்துவிடும்போல் ஆயின. புரிந்துவிட்டதே!

"திறந்த வாய் பேசுறது புரியலைன்னா இந்த வேலையில குப்பை கொட்ட முடியுமா?" என்றாள் அவள்.

"ஹஹன்?"

"கடனுக்கு மூணுல ஒரு பங்கு போயிடும். சம்பளம் வந்த அன்னைக்கே. எனக்கு இன்னும் மூணு வருஷம் பாக்கி."

"ஹூணு ஹருஹமா!"

"நாக்கை ஆட்டாதீங்க சார்."

"ஹேற ஹஷ்ஹம்?"

"வேற கஷ்டமா? குனிஞ்சே நிக்கிறதுல இடுப்பு போயிடும். கடிக்கிறவங்களும் உண்டு. போன வாரம் ஒரு வாத்தியார் கடிச்சார். நல்ல மனுஷன், மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடியும் கடிச்சார்."

கண்டக்டர் மனசுக்குள் டிக்கெட் கிழித்தார். வரவு இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு. இந்தக் கடன் ஏறுகிற ஸ்டாப் தெரிகிறது. இறங்குகிற ஸ்டாப்பைத்தான் காணோம்.

அப்போது டாக்டர் உள்ளே வந்தார். "என்ன, பிடுங்கிடலாமா?" கையில் இடுக்கி பளபளத்தது.

கண்டக்டர் குழாயை உருவி எறிந்தார். "ஐயோ டாக்டர்! வலியே இல்ல! சும்மா விசாரிக்கத்தான் வந்தேன்! பொண்ணு இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கணுங்கிறா…"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கேயும் "பிடுங்கிடலாமா?" என்று கேட்டது. யாரோ அலறியதும் கேட்டது.

கண்டக்டர் நாற்காலியிலிருந்து இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். பையில் மடித்து வைத்திருந்த விண்ணப்பம் மொடமொடத்தது.

"கணக்கு ஒத்து வரலைம்மா. நீயே சொல்லிட்டே. கடன் இல்லாம கிடைக்கிற வேலை ஏதாவது பாத்துக்கட்டும் அவ."

"நான் பொய் சொல்லலை சார். போன வாரம் ஒரு பொண்ணுக்கும் இதே கணக்கைத்தான் சொன்னேன். அவளும் பல்வலின்னுதான் வந்தா. அவ வலியும் சீட் மாறிச்சு."

கண்டக்டர் நின்றார்.

"எல்லாத்தையும் கேட்டுட்டு, கடைசியா ஒண்ணு கேட்டா. 'அக்கா, இங்க வேலை பாக்கிறவங்க வீட்டு ஆளுங்களுக்குப் பல் கட்ட காசு குறைப்பாங்களா?' பாதிதான் வாங்குவாங்கன்னேன். 'அப்போ கணக்கு ஒத்து வருதுக்கா'ன்னா."

"யா… யாருக்காம்?"

"அவ அப்பாவுக்காம். அவர் வாயிலேர்ந்து கையை எடுத்துட்டுச் சிரிச்சு ரொம்ப நாளாச்சாம். நீங்க பொத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார்."

கண்டக்டரின் கை வாய்க்குப் போனது. சிரிப்பை மறைக்க அல்ல. இன்னொரு கை பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து விரித்தது.

வாயில் குழாய் இல்லை, கண்ணாடி இல்லை, பஞ்சு இல்லை. இருந்தும் அவருக்குப் பேச்சு அப்படித்தான் வந்தது:

"ஹேஹா இஹுக்ஹா?"

அவள் பேனாவை எடுத்து நீட்டினாள்.